‘கிரேட் ஃப்ரீடம்’ முடிவு: ஹான்ஸ் ஏன் திரும்பிப் போகிறான்?

நள்ளிரவுக்காட்சி

படம் பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள். முடிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆஸ்திரிய இயக்குநர் செபாஸ்டியன் மைஸெயின் ‘கிரேட் ஃப்ரீடம்’ 2021 கான் விழாவில் ‘அன் செர்டன் ரிகார்’ பிரிவில் நடுவர் குழுப் பரிசு வாங்கியது. சமீப ஆண்டுகளில் ஐரோப்பாவில் தன்பாலீர்ப்பு ஆண்களைப் பற்றி வந்த படங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் கடைசிப் பத்து நிமிடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ‘இவ்வளவும் பட்டுவிட்டு ஏன்யா இப்படிச் செய்தான்?’ என்ற கேள்வியோடுதான் எழுந்து போகிறார்கள்.

கதை மூன்று காலங்களில் நடக்கிறது: 1945, 1957, 1968. மூன்றிலும் சிறை ஒன்றுதான், குற்றமும் ஒன்றுதான். ஆணும் ஆணும் உறவு கொள்வதைத் தண்டித்த, ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 175-ஆம் பிரிவு. ஹான்ஸ் ஹாஃப்மன் (நடித்தவர் ஃப்ரான்ஸ் ரோகோவ்ஸ்கி) 1945-இல் நாஜி வதைமுகாமிலிருந்து மீட்கப்படுகிறான். மீட்டவர்கள் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை, மிச்சத் தண்டனையைக் கழிக்க நேராகச் சிறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே அறையில் விக்டர் என்ற கொலைக் கைதி (கேயார்க் ஃப்ரீட்ரிஷ்). ஹான்ஸ் எந்தப் பிரிவில் வந்தவன் என்று தெரிந்ததும் அருவருத்து வெளியே தள்ளப் பார்க்கிறான். அப்புறம் ஹான்ஸின் கையில் பச்சை குத்திய முகாம் எண்ணைப் பார்க்கிறான். அதை மறைத்து மேலே வேறொன்றைக் குத்திவிடுகிறேன் என்கிறான். அங்கிருந்து இருபத்து சொச்சம் ஆண்டுகள்.

1969-இல் சட்டம் திருத்தப்படுகிறது, ஹான்ஸ் வெளியே வருகிறான். இரவில் ஒரு மதுக்கூடத்துக்குப் போகிறான். அந்த இடத்தின் பெயர்தான் படத்தின் பெயர். கீழே நிலவறையில் ஆண்கள் பயமில்லாமல் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டிருக்கிறார்கள். அவன் நடந்து பார்த்துவிட்டு வெளியேறுகிறான். ஒரு நகைக்கடையின் கண்ணாடியை உடைத்து, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, ஓடாமல், நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறான். போலீஸ் வரட்டும் என்று.

என் கருத்து: அவன் விக்டரிடம் போகிறான். அவ்வளவுதான். அது தோல்வியும் இல்லை, புத்தி பேதலித்ததும் இல்லை. ஓர் அரசு ஒருவனிடமிருந்து இருபத்து நான்கு ஆண்டுகளில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டது. பிடுங்காமல் விட்ட ஒரே ஆள் சிறைக்குள் இருக்கிறான். இதைக் காதல் படம் என்று சொல்ல நான் தயங்கவே மாட்டேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வெள்ளித்திரைவாசி

மறுக்கிறேன், நண்பரே.

நீண்ட காலம் உள்ளே இருந்தவர்களுக்கு வெளி உலகம் தாங்க முடியாததாகிவிடுவது தெரிந்த விஷயம். கதவை யார் திறப்பது, எப்போது சாப்பிடுவது, எங்கே படுப்பது எல்லாவற்றையும் அடுத்தவர் தீர்மானித்துப் பழகிய உடம்பு அது. ஹான்ஸ் கடையை உடைப்பது அந்தப் பழக்கத்தின் கடைசி நிலை. அதைக் காதல் என்று சொல்லிவிட்டால் சிறைச்சாலை செய்த வேலைக்கு நாமே பூ வைத்தது போல ஆகிவிடும்.

இன்னொன்று. விக்டர் ஹான்ஸைக் காதலித்தானா? படம் முழுக்க அவன் தன்னைப் பெண்களை விரும்புகிறவனாகத்தான் சொல்லிக்கொள்கிறான். ஹான்ஸ் அவனுக்குத் துணை, ஆறுதல், போதைப் பழக்கத்திலிருந்து மீட்டவன். நன்றி இருக்கிறது, பாசம் இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் வைப்பது உங்கள் ஆசை.

தீப்பெட்டி

முடிவுக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். இந்தப் படத்தில் காலம் மாறும் விதத்தைக் கவனித்தீர்களா? ஹான்ஸை ஒவ்வொரு முறையும் தனிமைக் கொட்டடியில் போடுகிறார்கள். முழு இருட்டு. திரையில் எதுவுமே தெரியாது. மூச்சு மட்டும் கேட்கும். அந்த இருட்டுக்குள்தான் 1968 போய் 1945 வருகிறது, 1957 வருகிறது. எழுத்துப் போட்டு ஆண்டைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதைவிட, இந்த மனிதனுக்கு வெளியே ஆண்டுகள் மாறினாலும் உள்ளே மாறுவதில்லை என்பதை உடம்பிலே உணர வைத்துவிடுகிறார். அந்த இருட்டில் ஒரு தீக்குச்சி எரியும்போது வரும் மஞ்சள் வெளிச்சத்துக்காகவே இதைத் திரையரங்கில் பார்த்திருக்க வேண்டும்.

தொடக்கமும் அப்படித்தான். பொதுக் கழிப்பறைக்குள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து போலீஸ் எடுத்த படச்சுருள் நீதிமன்றத்தில் ஓடுகிறது. நாம் முதலில் ஹான்ஸைப் பார்ப்பதே போலீஸின் கண் வழியாக. அப்புறம்தான் படம் மெல்ல அந்தக் கண்ணைக் கழற்றி வேறொரு கண்ணை நமக்குத் தருகிறது.

பிரேமன்வாசி

வணக்கம். ஜேர்மனியில் இருக்கிறேன். இங்கே இந்தச் சட்டத்தைப் பற்றி ஓரளவு வாசித்திருக்கிறேன், அதை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் சில இடங்கள் இன்னும் உறைக்கும்.

175-ஆம் பிரிவு 1871-இல் வந்த சட்டம். நாஜிகள் 1935-இல் அதை மிகவும் கடுமையாக்கினார்கள். உறவு நடந்ததற்கான ஆதாரம்கூடத் தேவையில்லை, தொடுதலும் பார்வையும் போதும் என்ற அளவுக்குப் போனது. போர் முடிந்ததும் மேற்கு ஜேர்மனி நாஜிச் சட்டங்கள் பலவற்றைத் தூக்கி எறிந்தது. இதை மட்டும் அந்த 1935 வடிவத்திலேயே 1969 வரை வைத்திருந்தது. கிழக்கு ஜேர்மனி 1950-லேயே பழைய, கொஞ்சம் மென்மையான வடிவத்துக்குத் திரும்பிவிட்டது.

இயக்குநர் நடுக் காலமாக 1957-ஐ எடுத்திருப்பதைப் பாருங்கள். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் மேற்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. புதிய குடியரசு, புதிய அரசியலமைப்பு, மனித மாண்பு பற்றிய முதல் உறுப்பு எல்லாம் இருந்தும் இவர்களுக்கு இடமில்லை என்று உச்ச இடத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். படத்தில் அந்தத் தீர்ப்பைப் பற்றி யாரும் உரை நிகழ்த்துவதில்லை. 1957-இல் ஹான்ஸின் காதலன் ஒஸ்கார் கூரையிலிருந்து குதித்துச் சாகிறான், அவ்வளவுதான் காட்டுகிறார்கள். 1945-க்கும் 1969-க்கும் இடையில் மேற்கு ஜேர்மனியில் சுமார் 50,000 பேர் இந்தப் பிரிவில் தண்டிக்கப்பட்டார்கள்.

தீப்பெட்டி சொன்ன கழிப்பறைக் கண்ணாடியும் கற்பனை இல்லை. ஹாம்பர்க் நகரில் 1980-இல்கூட அப்படிக் கண்ணாடிகளுக்குப் பின்னால் போலீஸ் இருந்தது வெளியே வந்து பெரிய விவகாரமானது. அதாவது படத்தில் சட்டம் ‘முடிந்த’ பிறகும் பத்து வருடம் கழித்து.

கடைசிவரிசை

ஒரு சந்தேகம். கையில் எண் பச்சை குத்துவது ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும்தானே நடந்தது? பெரும்பாலான இளஞ்சிவப்பு முக்கோணக் கைதிகள் (175-இல் பிடிபட்டவர்களுக்கு முகாமில் குத்திய அடையாளம் அது) சாக்சன்ஹவுசன், புக்கன்வால்ட் போன்ற முகாம்களில் இருந்ததாகத்தான் படித்திருக்கிறேன். அப்படியானால் ஹான்ஸின் கை எண் வசதிக்காகச் சேர்த்ததா?

பிரேமன்வாசி

எண் குத்தியது ஆஷ்விட்ஸில் மட்டும்தான், சரி. ஆனால் ஆஷ்விட்ஸிலும் 175-இல் கைதானவர்கள் குறைந்த எண்ணிக்கையில் இருந்தார்கள். ஆகவே ஹான்ஸைப் போல ஒருவன் இருந்திருக்க இடமுண்டு.

நள்ளிரவுக்காட்சி

அந்த எண் கதைக்குச் செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும், கடைசிவரிசை. விக்டர் அதன்மேல் ஊசியை வைத்துக் குத்தும் காட்சியில்தான் இருவரும் முதன்முதலாக ஒருவரையொருவர் தொடுகிறார்கள். அரசு எழுதியதை ஒரு கொலைக்காரன் அழித்து எழுதுகிறான். முத்தமும் இல்லை, வசனமும் இல்லை. ஒரு கை இன்னொரு கையை அசையாமல் பிடித்திருக்கிறது. வெள்ளித்திரைவாசி, விக்டர் என்னவென்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான் என்பதைவிட அந்தக் கை என்ன செய்கிறது என்பதை நான் நம்புகிறேன். 1957-இல் ஒஸ்கார் இறந்த செய்திக்குப் பிறகு முற்றத்தில் எல்லோர் முன்னாலும் ஹான்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காவலர் அடித்தும் விடாமல் நிற்கிறானே, அதைப் பாசம் நன்றி என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

கயல்84

எல்லாம் சரி. எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது, திட்டாமல் கேளுங்கள். ஏன் எப்போதும் சிறை, சாவு, நோய், அடி? என் தம்பி தன்னைப் பற்றி வீட்டில் சொன்ன பிறகு நான் தேடித்தேடிப் பார்த்த படங்களில் பாதி இப்படித்தான் முடிந்தன. லூகாஸ் டோன்ட்டின் ‘க்ளோஸ்’ (பெல்ஜியம், 2022) பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பையன்கள் இருவர் பூந்தோட்டத்தில் ஓடி விளையாடுவதில் ஆரம்பிக்கிறது. பள்ளியில் பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வி அந்த நட்பைக் கொன்றுவிடுகிறது. அழகான படம்தான். ஆனால் அந்த அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் என் தம்பிக்கு எதைக் காட்டட்டும்? அவன் நன்றாக வாழப்போகிறான் என்று நம்புகிற ஒரு படமாவது சொல்லுங்கள்.

மழைக்காலம்

கயல் அக்கா, ‘காட்ஸ் ஓன் கன்ட்ரி’ (2017). யோசிக்காமல் காட்டுங்கள்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் மலைப் பகுதி. பிரான்சிஸ் லீ அந்த ஊர்க்காரர், விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர், இது அவருடைய முதல் முழுநீளப் படம். ஜானி என்ற இளைஞன் பக்கவாதம் வந்த அப்பாவையும் பாட்டியையும் ஆட்டுப்பண்ணையையும் தனியாகச் சுமக்கிறான். இரவில் குடி, காலையில் வாந்தி, நடுவில் பெயர் கேட்காத உறவுகள். அவன் தன்பாலீர்ப்பாளன் என்பது அவனுக்கு ஒரு சிக்கலே இல்லை. யாரிடமும் மென்மையாக இருக்கத் தெரியாததுதான் அவன் சிக்கல். குட்டி ஈனும் பருவத்தில் உதவிக்கு ருமேனியாவிலிருந்து கியோர்கே என்பவன் வேலைக்கு வருகிறான்.

ஒரு காட்சி சொல்கிறேன். தாயில்லாக் குட்டியை இன்னொரு ஆடு சேர்த்துக்கொள்ளாது. கியோர்கே செத்துப் பிறந்த குட்டியின் தோலை உரித்து, அதை உயிரோடிருக்கும் குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுகிறான். தாய் ஆடு மோந்து பார்த்து, தன் குட்டி என்று நினைத்துப் பால் கொடுக்கிறது. ஆடு வளர்ப்பவர்கள் நிஜமாகவே செய்யும் வேலை இது. ஜானி அதை வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். யாரோ ஒருவனைச் சேர்த்துக்கொள்வது எப்படி என்று அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. இரண்டு நடிகர்களும் பண்ணையில் வேலை கற்றுக்கொண்டு, குட்டிகளைத் தாங்களே வெளியே எடுத்தார்கள்.

முடிவு சந்தோஷமானது. விட்டுப்போன கியோர்கேயை ஜானி தேடிப்போய் அழைத்து வருகிறான். இருவரும் ஒரே வீட்டுக்குள் நுழைகிறார்கள். அவ்வளவுதான், கதவு மூடுகிறது.

நமக்கு இது அந்நியமாகவே தெரியாது. மலை, மேய்ச்சல், மழை, காத்திருப்பு. முல்லைத் திணை என்று வகுத்து வைத்தவர்கள் இதை முதல் பார்வையிலேயே அடையாளம் கண்டுகொண்டிருப்பார்கள்.

வெள்ளித்திரைவாசி

மழைக்காலம் சொன்னதை முழுமனதாக வழிமொழிகிறேன். கூடவே ஆண்ட்ரூ ஹேயின் ‘வீக்கெண்ட்’ (2011). நாட்டிங்ஹாம் நகரில் ஒரு வெள்ளி இரவு ஆரம்பித்து ஞாயிறோடு முடிந்துவிடும். நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக வேலை செய்யும் ரசலும் கலை படிக்க அமெரிக்கா போகப்போகும் க்ளென்னும் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ரசல் வெட்கப்படுபவன் இல்லை, ஆனால் பேருந்தில், தெருவில், நண்பர் வீட்டில் குரலைத் தாழ்த்திக்கொள்வான். க்ளென் அதைப் பார்த்துக் கோபப்படுவான். அந்தச் சின்னத் தாழ்த்தலைத்தான் படம் விடாமல் பின்தொடர்கிறது. வில்லன் இல்லை, போலீஸ் இல்லை.

இதைப் போய் இத்தாலியில் என்ன செய்தார்கள் தெரியுமா? 2016-இல் அங்கே வெளியிட்டபோது கத்தோலிக்க ஆயர் பேரவையின் திரைப்படக் குழு இதைத் திரையிடத் தகாதது என்று வகைப்படுத்தியது. இத்தாலியில் சிறிய கலைப்படத் திரையரங்குகள் பல திருச்சபைக்குச் சொந்தமானவை. விளைவு, நாடு முழுவதற்கும் பத்துத் திரையரங்குகள்தான் கிடைத்தன. இவ்வளவு சாதுவான ஒரு படத்துக்கு!

நெறியாளர்

இழை நல்ல திசையில் போகிறது. மற்ற படங்களின் முடிவுகளையும் பேசத் தொடங்கிவிட்டதால், பதிவின் முதல் வரியிலேயே படத்தின் பெயரைப் போட்டுவிட்டுத் தொடருங்கள். பார்க்காதவர்கள் தாண்டிப் போக உதவும்.

யாழினி_வா

(‘போர்ட்ரெயிட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்’ பற்றி)

இவ்வளவு தூரம் வந்தும் ஒரு பெண் கதைகூட வரவில்லையே. 175-ஆம் பிரிவு பெண்களைத் தொடவில்லை என்பதால் விட்டுவிட்டீர்களோ என்று நினைத்தேன். ‘கிரேட் ஃப்ரீடம்’ எடுத்தவர்களின் நாடான ஆஸ்திரியாவில் சட்டம் பெண்களையும் சேர்த்தே தண்டித்தது, 1971 வரை.

செலின் சியாமாவின் படத்தை (பிரான்ஸ், 2019) எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பதினெட்டாம் நூற்றாண்டு, பிரிட்டனி கடலோரம். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எலோயீஸின் ஓவியம் வேண்டும். அவள் உட்கார மறுக்கிறாள். ஓவியர் மரியான் துணைக்கு வந்தவள் போல நடித்துக்கொண்டு, நடந்து போகும்போது காதைப் பார்த்து, கையைப் பார்த்து, மனதில் வைத்துக்கொண்டு வந்து இரவில் வரைகிறாள். பார்ப்பதுதான் அவள் வேலை. பார்ப்பதில்தான் காதலும் வருகிறது. பாதியில் எலோயீஸ் திருப்பிக் கேட்கிறாள்: நீ என்னைப் பார்க்கும்போது நான் யாரைப் பார்க்கிறேன் என்று நினைக்கிறாய்? அந்த இடத்திலிருந்து இருவரும் சமம்.

திரையில் வரையும் கை எலென் டெல்மேர் என்ற ஓவியருடையது. படத்தில் பின்னணி இசை கிடையாது. இசை வரும் இடங்கள் மிகக் குறைவு, அதனால்தான் தீ மூட்டிய இரவில் பெண்கள் சேர்ந்து பாடத் தொடங்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. கான் விழாவில் சிறந்த திரைக்கதைப் பரிசு, கூடவே தன்பாலீர்ப்பாளர், திருநர் கதைகளுக்கு அங்கே தரும் க்வீர் பாம் விருது. 2010-இல் தொடங்கிய அந்த விருதைப் பெற்ற முதல் பெண் இயக்குநர் சியாமாதான்.

இதை 2013-இல் கானின் உச்ச விருதான தங்கப்பனை வாங்கிய ‘ப்ளூ இஸ் த வார்மஸ்ட் கலர்’ படத்தோடு வைத்துப் பாருங்கள். அங்கே காமிரா இரண்டு பெண்களையும் எட்டி நின்று ருசிக்கிறது. மூல வரைகதையை எழுதியவரே அந்தக் காட்சிகளை ஏற்கவில்லை. எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது நாயகி அடெல் சாப்பிடும் காட்சிகள் மட்டும்தான்.

கடைசிவரிசை

யாழினி, ‘ப்ளூ’ பற்றி உங்களோடு எனக்குப் பாதி ஒப்புதல்தான். படுக்கையறைக் காட்சிகளை விட்டுவிடுங்கள். பிரிந்த பிறகு உணவகத்தில் இருவரும் சந்திக்கும் காட்சியில் அடெல் எக்ஸார்கோபுலோஸ் செய்ததை வேறு யார் செய்திருக்கிறார்கள்? அவள் பாலர் பள்ளி ஆசிரியை, எம்மா ஓவியர் வட்டத்துக்காரி. இருவரையும் கடைசியில் பிரிப்பது வர்க்கம். அதை அந்தப் படம் அளவுக்கு யாரும் காட்டவில்லை. சியாமா படத்தில் அந்த இடம் கொஞ்சம் மெழுகிப் போகிறது என்பேன்.

யாழினி_வா

மெழுகவில்லை. வேலைக்காரப் பெண் சோஃபி கருவைக் கலைக்கப் போகும்போது மற்ற இருவரும் கூடவே போகிறார்கள். திரும்பி வந்து அதையே ஓவியமாக வரையச் சொல்கிறாள் எலோயீஸ். சமையலறையில் எஜமானி காய் நறுக்குகிறாள், வேலைக்காரி உட்கார்ந்து பூத்தையல் போடுகிறாள். அம்மா ஊரில் இல்லாத சில நாட்களுக்கு மட்டும் அப்படி ஒரு வீடு. அது நிலைக்காது என்று படத்துக்கும் தெரியும்.

பனிமூட்டம்

(‘120 பிபிஎம்’, ‘பாப்பி ஃபீல்ட்’, ‘அண்ட் தென் வி டான்ஸ்ட்’ பற்றி)

நான் கிழக்கைப் பற்றிப் பேச வந்தேன். அதற்குப் பாரிஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

ரோபன் காம்பியோவின் ‘120 பிபிஎம்’ (2017) எய்ட்ஸ் உச்சத்தில் இருந்த தொண்ணூறுகளில் ‘ஆக்ட் அப்’ என்ற எய்ட்ஸ் போராட்ட இயக்கத்தின் பாரிஸ் கிளையின் கதை. காம்பியோவும் திரைக்கதையில் உடன் எழுதிய பிலிப் மான்ஜோவும் அந்த இயக்கத்தில் இருந்தவர்கள். அதனால்தான் கூட்டம் நடக்கும் காட்சிகளுக்கு அவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார். கை தட்டினால் பேசுபவர் குரல் கேட்காது என்று விரலைச் சொடுக்குவார்கள். மருந்து நிறுவனம் பரிசோதனை முடிவை ஏன் மறைக்கிறது, எந்தக் கோஷம் வேண்டும், யார் முன்னால் போவது என்று சாகப்போகிற இளைஞர்கள் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். அவர்களில் ஒருவனான ஷான் இறந்த பிறகு அவன் அஸ்தியைக் காப்பீட்டு நிறுவனங்களின் விருந்து மேசைமேல் வீசுகிறார்கள், அவன் கேட்டுக்கொண்டபடி. துக்கத்தையும் ஆயுதமாக்கத் தெரிந்தவர்கள். கானில் கிராண்ட் ப்ரீ, பிரான்சில் சிறந்த படத்துக்கான சேசர் விருது.

இந்தப் படத்தை 2018 பிப்ரவரியில் புக்காரெஸ்ட் நகரில், ருமேனிய உழவர் அருங்காட்சியகத்தின் அரங்கில் திரையிட்டார்கள். சிலுவையும் சாமி படங்களும் ஏந்திய கூட்டம் உள்ளே வந்து, பக்திப் பாட்டுப் பாடித் திரையிடலை நிறுத்தியது. 2013-லும் வேறொரு படத்துக்கு இப்படி நடந்திருந்தது. இந்த மாதிரிச் சம்பவத்தை வைத்துத்தான் எவுஜேன் ஜெபெல்யானு ‘பாப்பி ஃபீல்ட்’ (2020) எடுத்தார். ரகளையை அடக்கத் திரையரங்குக்கு அனுப்பப்படும் காவலர்களில் ஒருவன் கிறிஸ்தி. அவன் காதலன் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டில் இருக்கிறான். அரங்கில் ஒருவர் கிறிஸ்தியை அடையாளம் கண்டுகொள்கிறார். அவ்வளவுதான், அவன் கை நீண்டுவிடுகிறது. தன்னைப் போன்றவனையே அடித்துவிட்டு, காலி அரங்கில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் ஒரு போலீஸ்காரன். ருமேனியா 2001-இல்தான் தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது.

அடுத்தது லெவான் அகினின் ‘அண்ட் தென் வி டான்ஸ்ட்’ (2019). ஸ்வீடன் பணத்தில், ஜார்ஜியாவில், மறைந்து மறைந்து எடுத்த படம். தேசிய நடனக் குழுவில் சேரத் துடிக்கும் மெராப். ஆசிரியர் ‘ஆணி மாதிரி நில்’ என்கிறார், அவன் உடம்பு வளைகிறது. நடனம் அமைத்தவரின் பெயர் படத்தில் இல்லை, போட்டால் அவருக்கு ஆபத்து. திபிலிசியில் நவம்பர் மாதம் வெளியானபோது கலவரத் தடுப்புப் போலீஸ் வரிசைக்கு நடுவே நடந்துதான் ஜனங்கள் உள்ளே போனார்கள். 2024 செப்டம்பரில் ஜார்ஜிய நாடாளுமன்றம் இப்படிப்பட்ட சித்திரிப்புகளையே தடுக்கும் சட்டம் கொண்டுவந்துவிட்டது.

என் வாதம் இதுதான்: ‘கிரேட் ஃப்ரீடம்’ நடந்து முடிந்த கதை என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அதே கண்டத்தின் மறு ஓரத்தில் 1957 இப்போது நடக்கிறது.

கயல்84

பனிமூட்டம், ஜார்ஜியப் படத்தில் மெராப்பின் அண்ணன் வருவானே, குடிகாரன், பொறுப்பில்லாதவன் என்று படம் முழுக்கத் திட்டு வாங்குபவன். கடைசியில் தம்பியைப் பற்றி அசிங்கமாகப் பேசியவர்களோடு சண்டை போட்டு, முகம் வீங்கி வந்து நிற்கிறான். தம்பியைக் கட்டிப்பிடித்து, நீ இந்த ஊரை விட்டுப் போய்விடு என்கிறான். அதைப் பார்த்து நான் அழுத அழுகை! அந்த ஒரு காட்சிக்காக அதை முதலில் தம்பியோடு உட்கார்ந்து பார்த்தோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை, என் தோளில் சாய்ந்துகொண்டான். அடுத்து ஆட்டுப்பண்ணைப் படம்.

மழைக்காலம்

(மறுபடி ‘கிரேட் ஃப்ரீடம்’)

முடிவைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். நான் யார் என்பது இங்கே பலருக்குத் தெரியும், ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆங்கிலேயர் 1860-இல் இந்தியாவுக்குக் கொடுத்த 377-ஆம் பிரிவு 2018 செப்டம்பர் 6 அன்று எங்களை விட்டது. தீர்ப்பைக் கேட்டபோது ஆனந்தம்தான், இல்லை என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அன்றிரவு நான் போய் உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. வாடகை வீட்டில் உடன் இருந்தவன் யார் என்று உரிமையாளருக்குச் சொல்ல முடியாது. அலுவலகத்தில் முடியாது. சொந்த ஊரில் முடியவே முடியாது. இத்தனை வருடமும் என்னை நானாக இருக்க விட்டது இரண்டே இரண்டு நண்பர்கள் கூடும் ஒரு மொட்டை மாடி மட்டும்தான். சட்டம் மாறிய இரவில் நான் அங்கேதான் போனேன்.

ஹான்ஸ் அந்த நிலவறையில் நடக்கும்போது அவன் முகத்தில் அருவருப்பு இல்லை, பயமும் இல்லை. அங்கிருப்பவர்களுக்காக அவன் சந்தோஷப்படுகிறான் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவர்களில் ஒருவருக்கும் அவனைத் தெரியாது. இருட்டுக் கொட்டடியை, ஒஸ்காரை, கையில் இருந்த எண்ணை யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவனிடம் போகிறான். வெள்ளித்திரைவாசி அதைப் பழக்கம் என்கிறார். பழகியவர்களிடம்தானே மனிதன் போவான்?

வெள்ளித்திரைவாசி

மழைக்காலம், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொல்வதிலிருந்து ஒன்றை ஏற்கிறேன்: ஹான்ஸ் போகும் இடத்தில் ஓர் ஆள் இருக்கிறான், வெறும் சுவர் இல்லை.

ஆனாலும் என் கோபம் போகவில்லை. அந்தக் கோபம் ஹான்ஸ் மேல் இல்லை, உங்கள் மேலும் இல்லை. ஒரு மனிதன் தன் ஒரே உறவைப் பார்க்கக் குற்றம் செய்தாக வேண்டும் என்ற நிலைக்கு அவனைக் கொண்டுவந்தவர்கள் மேல். அதைக் ‘காதல் கதை’ என்று மூடி வைத்தால் அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்று பயப்படுகிறேன். இந்த ஆண்களுக்கு ஜெர்மனி பிறகு ஏதாவது செய்ததா, பிரேமன்வாசி?

பிரேமன்வாசி

செய்தது, மிகவும் தாமதமாக. 175-ஆம் பிரிவு முழுவதுமாக ஒழிந்ததே 1994-இல்தான். 1969-இல் நடந்தது திருத்தம் மட்டும், இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவர்களை விட்டார்கள், அவ்வளவே. நாஜிக் காலத் தண்டனைகளை 2002-இல் இரத்துச் செய்தார்கள். 1945-க்குப் பிறகு ஜனநாயக நீதிமன்றங்கள் கொடுத்த தண்டனைகளை இரத்துச் செய்ய 2017 வரை ஆனது.

ஹான்ஸ் நிஜ மனிதனாக இருந்திருந்தால் முகாமுக்குப் போன தண்டனை 2002-இல் நீங்கியிருக்கும். படத்தில் வரும் மற்ற இரண்டும் இன்னும் பதினைந்து வருடம் அவன் பெயரில் இருந்திருக்கும். 2017 சட்டப்படி ஒவ்வொரு தண்டனைக்கும் 3,000 யூரோ, சிறையில் கழிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 1,500 யூரோ. அப்போது அவன் உயிரோடு இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பான். நகைக்கடை உடைத்ததற்கான தண்டனை மட்டும் இரத்தாகியிருக்காது.

நள்ளிரவுக்காட்சி

அந்தக் கடைசி வரியை நான் யோசித்ததே இல்லை, பிரேமன்வாசி. அவன் வாழ்க்கையில் தானே தேர்ந்தெடுத்துச் செய்த ஒரே குற்றம் அதுதான்.

வெள்ளித்திரைவாசி, உங்கள் கோபத்தையும் என் வாதத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன். காதல் கதை என்று நான் சொல்வதால் அந்த அரசு தப்பிக்கவில்லை. காதல் இருந்ததால்தான் அவர்கள் செய்தது இவ்வளவு பெரிய குற்றமாகிறது. வெறும் பழக்கம் என்றால் அவர்கள் கெடுத்தது ஒருவனுடைய நாட்களை மட்டும். விக்டரின் விடுதலை மனுவை நிராகரித்து அவனைத் திரும்ப அறைக்கு அனுப்பும் காட்சி இருக்கிறதே, அதை மறுபடி பார்த்துவிட்டு வாருங்கள். அங்கிருந்து தொடர்வோம்.

வெள்ளித்திரைவாசி

சனிக்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன். விக்டர் விஷயத்தில் இன்னும் நான் சம்மதிக்கவில்லை.